தொம்தொம்மென்று நடந்தவர்

மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'அகராதி' என்றுதான் கூப்பிடுவார்கள். நேரில் கூப்பிடும்போது அது பாராட்டு. பதினாறு வருஷமாக எந்தச் சொல்லுக்கும் புத்தகத்தைப் புரட்டாமல் பதில் சொல்கிறவள் அவள். முதுகுக்குப் பின்னால் சொல்லும்போது அதே சொல்லுக்குத் தலைக்கனம் பிடித்தவள் என்று அர்த்தம். இரண்டும் அவளுக்குத் தெரியும். உள்ளுக்குள் இரண்டையும் ரசித்தாள் என்பதுதான் உண்மை.

அலுவலகம் முதல் மாடியில் இருந்தது. கீழே நகல் எடுக்கும் கடை. அதன் மை வாசனை மாடிப்படி ஏறி வந்து மேசை, நாற்காலி, டீ கிளாஸ் எல்லாவற்றிலும் உட்கார்ந்துகொள்ளும். தெருவின் மறுகோடியில் தொழிலாளர் தீர்ப்பாயம். அங்கே போகிற காகிதம் எல்லாம் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். அதனால் தமிழ் மட்டும் எழுதத் தெரிந்தவர்கள் தங்கள் வாக்குமூலத்தை எழுதி எடுத்துக்கொண்டு முதலில் இந்த மாடிப்படியில்தான் ஏறுவார்கள். அகராதி அதை ஆங்கிலமாக்கி, தன் பெயர் போட்ட முத்திரையைக் குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை கிடங்குக்காரர் வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. நனைந்த மழைக்கோட்டை மடித்து வாசலுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் பத்தொன்பது வருஷம் பெட்டி தூக்கியவர். உறைந்துபோன மீனும் இறைச்சியும் அடுக்கிய பெட்டிகள். அந்தக் குளிரில் சாதாரணச் செருப்பு நிற்காது. முன்பக்கம் இரும்பு வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

கோடு போட்ட தாளில் மூன்று பக்கம் தன் கைப்பட எழுதிக்கொண்டு வந்திருந்தார். எழுத்து ஒவ்வொன்றும் பெட்டி அடுக்கிய மாதிரி நேராக இருந்தது.

நடந்தது இதுதான். ஒரு நாள் அவருடைய வேலைநேரம் முடிந்தது. மாற்று ஆள் வரவில்லை. அவரே அடுத்த வேலைநேரத்தையும் பார்த்தார். அதுவும் முடிகிற சமயத்தில் மேற்பார்வையாளர் இன்னொரு லாரியைக் காட்டி, அதையும் இறக்கிவிட்டுப் போ என்றார். முட்டி பிடித்துக்கொண்டுவிட்டது, இனிமேல் முடியாது என்று இவர் சொன்னார். மேற்பார்வையாளர் கத்தினார். இவர் வெளியே வந்துவிட்டார். நிர்வாகமோ, இவர் சொன்ன வேலையை மறுத்து, மேலதிகாரியை அவமதித்து, கோபமாக வெளியேறினார் என்று சொல்லி வேலையை விட்டு நீக்கிவிட்டது. அதை எதிர்த்துத்தான் மனு.

மூன்றாவது பக்கத்தின் கடைசியில் அவர் இப்படி எழுதியிருந்தார்: 'நான் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. தொம்தொம்மென்று நடந்து வெளியே வந்துவிட்டேன்.'

அகராதிக்கு அன்று தலைக்கு மேல் வேலை. மேசையில் இன்னும் நான்கு கோப்புகள் காத்திருந்தன. அவள் குடியிருந்த வீட்டுக்கு மேல்வீட்டில் ஒரு தம்பதி. சண்டை வந்துவிட்டால் அந்த ஆள் வார்த்தையை விட்டுவிட்டுக் காலால்தான் பேசுவான். சமையலறையிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து சமையலறைக்கு. கீழே இவள் வீட்டு விளக்கு ஆடும். தொம்தொம் என்றால் அவள் காதில் விழுந்தது அந்தச் சத்தம்தான். கை தானாகவே அடித்தது: ஸ்டாம்ப்ட் அவுட்.

ஸ்டாம்ப் என்று சொன்னால் நமக்குத் தபால்தலையும் ரப்பர் முத்திரையும்தான் நினைவுக்கு வரும். இது வேறு சொல். நடுவில் 'ஓ' போட்டு எழுதுவது. ஆத்திரம் வந்தவன் தரையை மிதித்துத் தள்ளிக்கொண்டு நடக்கிற நடை அது. அடம்பிடிக்கிற குழந்தையும் அப்படித்தான் நடக்கும். சத்தமும் கனமும் கோபமும் ஒரே சொல்லில் வந்துவிட்டதே என்று அவளுக்கு ஒரு நொடி திருப்தியாகக்கூட இருந்தது.

மொழிபெயர்ப்பைச் சம்பந்தப்பட்டவரிடம் விளக்கிச் சொல்லி, சரிதானா என்று கேட்ட பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். அது விதி. அகராதி என்ன செய்தாள் என்றால், அவர் எழுதிய தமிழையே அவருக்கு வேகமாகப் படித்துக் காட்டினாள்.

"எல்லாம் சரிதானே?"

"நான் எழுதினதுதானேம்மா, சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி அவர் கையெழுத்துப் போட்டார்.

அவ்வளவுதான். அவர் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு போனார். அவள் அடுத்த கோப்பைத் திறந்தாள்.

இரண்டரை மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். கையில் தீர்ப்பாயத்தின் உத்தரவு. ஆறு பக்க ஆங்கிலம்.

"தோத்துட்டோம்னு மட்டும் சங்கத்து வக்கீல் சொன்னாரும்மா. ஏன்னு எனக்குப் புரியல. தமிழ்ல போட்டுக் குடுத்தீங்கன்னா படிச்சுப் பாத்துக்குவேன்."

"உக்காருங்க. ஒரு மணி நேரத்துல குடுத்துடறேன்."

சுவரோரப் பலகையில் அவர் உட்கார்ந்தார். அவள் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். மூன்று பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. நாலாவது பக்கத்தின் நடுவில் கை நின்றுவிட்டது.

'மனுதாரர் தாம் கோபத்தில் வெளியேறவில்லை என்று வாதிட்டாலும், அவருடைய சொந்த வாக்குமூலமே அதற்கு எதிராக இருக்கிறது' என்று ஆரம்பித்த அந்தப் பத்தியில், மேற்கோள் குறிகளுக்குள், அவளுடைய இரண்டு சொற்கள் இருந்தன. ஸ்டாம்ப்ட் அவுட். அதற்குக் கீழே, இத்தகைய நடத்தை ஆத்திரத்தையும் அவமதிப்பையும் தெளிவாகக் காட்டுகிறது, ஆகவே நிர்வாகத்தின் முடிவில் தலையிட வேண்டியதில்லை என்று எழுதியிருந்தது.

அவள் எழுந்தாள். பழைய கோப்பை அலமாரியிலிருந்து எடுத்தாள். கோடு போட்ட தாள். தொம்தொம்மென்று நடந்து வெளியே வந்துவிட்டேன். கோபம் என்ற சொல்லோ, ஆத்திரம் என்ற சொல்லோ மூன்று பக்கத்தில் எங்குமே இல்லை. முட்டிவலி இருந்தது. இரும்பு பூட்ஸ் இருந்தது. பதினாறு மணி நேர வேலை இருந்தது.

இப்போது அந்த இடத்தைத் தமிழில் எப்படி எழுதுவது? 'ஆத்திரத்தோடு தரையை உதைத்து நடந்து வெளியேறினேன்' என்று எழுதினால் அதுதான் சரியான மொழிபெயர்ப்பு. அதைப் படித்த மறுகணம் அவர், நான் இப்படி எழுதவே இல்லையே என்பார். அகராதி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

அவள் எழுதினாள்: 'தொம்தொம்மென்று நடந்து வெளியே வந்துவிட்டேன்.' அவருடைய சொற்களையே திருப்பி வைத்தாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். நாலாவது பக்கத்தில் நின்றார். திரும்பப் படித்தார்.

"ஏம்மா, நான் சொன்னதைத்தானே எழுதியிருக்காங்க? இதுல ஆத்திரம் எங்கிருந்து வந்தது?"

அவள் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கினாள்.

"தொம்தொம்னு நடந்தா கோபமா?"

"அவங்க அப்படி எடுத்துக்கிட்டாங்க போல."

சொன்ன பிறகு அந்த வாக்கியத்தை விழுங்கிவிட முடியாதா என்று இருந்தது. ஆனால் அவள் அதை மாற்றிச் சொல்லவில்லை.

"மேல்முறையீடு பண்ணலாம்னா வக்கீல் வேணாங்கறாரு. நீங்களே உங்க கையால ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்திருக்கீங்க, இதுக்கு மேல எதைப் பிடிச்சுப் பேசறதுங்கறாரு. முப்பது நாள் டைம் இருக்காம். புதுசா ஏதாவது கெடைச்சா வாங்கன்னாரு. எனக்குப் புதுசா என்ன கெடைக்கும்?"

உத்தரவையும் தமிழையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் படியிறங்கும் சத்தத்தை அகராதி அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டாள். ஒரு கால் கனமாக விழுந்தது. கொஞ்சம் இடைவெளி. அடுத்த கால் அதன் பக்கத்திலேயே வந்து விழுந்தது. மறுபடி இடைவெளி. சாதாரணச் செருப்புதான் போட்டிருந்தார். அதற்கே அந்தச் சத்தம்.

அந்த நடைக்கு ஆங்கிலத்தில் தனியாக ஒரு சொல் இருக்கிறது. ட்ரட்ஜ். உடம்பு ஓய்ந்துபோனவன், சுமை தூக்கி வந்தவன், சேற்றிலோ பனியிலோ நெடுந்தூரம் வந்தவன், இன்னும் போக வேண்டியிருக்கிறதே என்று ஒவ்வோர் அடியையும் பெயர்த்து வைக்கிற நடை. அதிலும் கனம் உண்டு, சத்தம் உண்டு. ஆனால் கோபம் துளியும் இல்லை. ப்ளாட் என்று இன்னொன்று. அது அலுக்காமல் மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கிற நடை. இதெல்லாம் அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இந்த மூன்றையும் அவளே அறைக்குள் நடந்து காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறாள். தெரியாமல் செய்திருந்தால்கூட மனதுக்கு ஒரு சமாதானம் இருந்திருக்கும். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். எப்படி நடந்தீங்க? அந்த ஒரு கேள்வியை அவள் கேட்கவில்லை.

முப்பது நாள் இருந்தது.

முதல் வாரம், கடிதம் ஒன்றை எழுதினாள். 'எனது மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை காரணமாக' என்று ஆரம்பித்து, அதற்கு மேல் ஓடவில்லை. கணினியை மூடிவிட்டாள். இரண்டாவது வாரம், ஒரு சொல்லுக்காகவா தீர்ப்பு வந்திருக்கும், வேறு காரணமும் இருக்கும் என்று தனக்குத்தானே வக்கீல் வேலை பார்த்தாள். கோப்பில் வைத்திருந்த உத்தரவின் நகலை எடுத்து மறுபடி படித்தாள். வேறு காரணம் இல்லை.

மூன்றாவது வாரம் ஆபீஸ்காரம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று அறைக்கதவு வரைக்கும் போனாள். அலுவலகம் அந்த அம்மாவுடையது. அன்றைக்குப் பார்த்து அவர் தொலைபேசியில் யாரிடமோ, "எங்க ஆபீஸ்ல ஒருத்தி இருக்கா, அகராதின்னே பேரு. அவ முத்திரை குத்தினா தீர்ப்பாயத்துல மறுபேச்சு கெடையாது" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். அகராதி கதவைத் தட்டாமலே திரும்பிவிட்டாள். உரிமம் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, இந்த மூன்று மேசைக்கும் நடுவில், கேட்காமல் எழுதிவிட்டேன் என்று சொல்ல வேண்டுமே என்ற கூச்சம் அவளைக் கட்டிப்போட்டது.

முப்பதாவது நாள் ஒரு வியாழக்கிழமை. தீர்ப்பாயம் மூடுகிற ஐந்து மணிவரை அவளுக்கு எந்த வரியும் ஓடவில்லை. ஐந்து அடித்தது. அப்பாடா, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

நாற்பத்தோராவது நாள் ஒரு பெண் மாடியேறி வந்தாள். கல்லூரி முதல் வருஷம் படிக்கிறவள் போல் இருந்தாள். தோளில் பை. பையிலிருந்து அதே உத்தரவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"கிடங்குல வேலை பாத்தாரே, அவரோட பொண்ணு நான். இதைத் தமிழ்ல போட்டது நீங்கதானே மேடம்?"

"ஆமா."

"ஒரு சந்தேகம். இந்த நாலாவது பக்கத்துல இங்கிலீஷ்ல ஒண்ணு இருக்கு, தமிழ்ல வேற இருக்கு. நான் போன்ல அர்த்தம் பாத்தேன். ஆத்திரத்துல காலை ஓங்கித் தரையில அடிச்சு நடக்கறதுன்னு போட்டிருக்கு. அப்பா அப்படியா எழுதினாரு?"

அகராதி கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள்.

"ஏன் கேக்கறேன்னா..." அந்தப் பெண் உத்தரவின் ஓரத்தை மடித்து நீவினாள். "எங்க மாமா, அம்மாவோட அண்ணன், அதே கிடங்குலதான் கணக்குல இருக்காரு. அவர்தான் அப்பாவை அங்க சேத்துவிட்டாரு. மாமா இதைப் படிச்சுட்டு வீட்டுக்கு வந்து, உன் புருஷன் காலை உதைச்சுட்டு வந்தேன்னு அவரே எழுதிக் குடுத்திருக்காரு, என் மானத்தை வாங்கிட்டாருன்னு சத்தம் போட்டாரு. அன்னையிலேர்ந்து அம்மா அப்பாகிட்ட சரியாப் பேசறதில்ல. அப்பா நான் கோபப்படலைன்னா, கையெழுத்துப் போட்டிருக்கீங்களேங்கறாங்க. நானும்..." கொஞ்சம் நிறுத்தினாள். "நானும் அவரைத்தான் சந்தேகப்பட்டேன்."

பக்கத்து மேசைத் தட்டச்சுக்காரி கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆபீஸ்காரம்மாவின் அறைக்கதவு திறந்திருந்தது. எல்லோர் காதிலும் விழும் என்று தெரிந்தே அகராதி சொன்னாள்.

"உங்கப்பா அப்படி எழுதல. அது நான் போட்ட வார்த்தை. தப்பான வார்த்தை."

அந்தப் பெண் அழவுமில்லை, கத்தவுமில்லை. உத்தரவை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"இதை எங்கம்மாகிட்ட வந்து சொல்லுவீங்களா?"

பேருந்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். முக்கால் மணி நேரத்தில் ஒரே ஒரு தடவைதான் பேச்சு. "எந்த வார்த்தை போட்டிருக்கணும்?" என்று பெண் கேட்டாள். அகராதி சொன்னாள். பெண் போனில் அதைத் தேடிப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீடு இரண்டாவது மாடியில் இரண்டு அறை. துணி காயப்போட்ட கொடி கூடத்துக்குக் குறுக்கே ஓடியது. கிடங்குக்காரரின் மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. விரல் நுனிகள் சோப்பில் ஊறி வெளுத்துக் கிடந்தன. விஷயத்தைக் கேட்டு முடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார். அப்புறம் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அவர் எழுதலையா?"

"இல்லீங்க. தொம்தொம்னு நடந்தேன்னுதான் எழுதினாரு. பூட்ஸ் கனம், முட்டி வலி. அதைச் சொல்லியிருக்காரு. நான்தான் அவரைக் கேக்காம..."

"இருபது வருஷம் ஆச்சு எங்களுக்குக் கல்யாணம் ஆகி" என்றார் அந்த அம்மா, அவளைப் பார்க்காமல். "தண்ணி சூடா இருக்குன்னுகூடச் சத்தமாச் சொல்லமாட்டாரு. அப்படிப்பட்ட மனுஷன் வெளியில காலை உதைச்சுட்டுத் திரிஞ்சிருக்காரே, அப்போ வீட்ல இத்தனை வருஷம் நடிச்சாரான்னு நான் யோசிச்சேன். கட்டின புருஷன் வாயால சொன்னதை நம்பல. காகிதத்துல இருந்ததை நம்பினேன்."

மகள் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

வெளிச்சம் இன்னும் இருக்கும்போதே அவர் வந்தார். ஒரு கடைத்தொகுதியின் வண்டி நிறுத்தத்தில் தடுப்புக்கட்டையைத் தூக்கி இறக்குகிற வேலை இப்போது. அவர் படியேறுகிற சத்தம் கீழிருந்தே கேட்டது. ஒரு கால், இடைவெளி, இன்னொரு கால். அம்மாவும் மகளும் அகராதியும் கதவைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்டார்கள். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

அகராதியைப் பார்த்ததும் அவர் திகைத்துப்போனார். "என்னம்மா, இவ்வளவு தூரம்? உக்காருங்க. டீ குடுத்தீங்களா?" என்று மனைவியைக் கேட்டார்.

அவள் மூன்றாவது முறையாக அதைச் சொன்னாள். மூன்று தடவையில் இதுதான் கடினமாக இருந்தது.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு மெதுவாகச் சிரித்தார். "அந்த எழுத்தை நானும் பாத்தேம்மா. எழுத்துக்கூட்டிப் படிச்சேன். ஸ்டாம்ப்புன்னு வந்துது. சரி, ஸ்டாம்ப் ஒட்டச் சொல்லி ஏதோ எழுதியிருக்காங்க, நாமதான் ஒட்டாம விட்டுட்டோம் போலன்னு நெனச்சேன்."

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து கழன்றுவிட்டது.

"ஒண்ணு கேக்கட்டுமா? நான் தீர்ப்பை எடுத்துக்கிட்டு வந்து உங்க எதிர்ல உக்காந்திருந்தேனே. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. அகராதி அந்த வழியில் போகவில்லை.

"தெரியும்."

"அன்னைக்கு முப்பது நாள் இருந்துச்சு."

"ஆமா."

அவர் குனிந்து தன் முட்டியைத் தடவிக்கொண்டார். குரல் உயரவில்லை.

"தப்பு யாருக்கும் வரும்மா. இத்தனை வருஷத்துல நானும் பொட்டியைக் கைநழுவ விட்டிருக்கேன். ஆனா நழுவிச்சுன்னா உடனே 'விட்டுட்டேன்!'னு கத்திடுவேன். கீழ ஆள் நிப்பான். கத்தினா நகர்ந்துக்குவான். நீங்க கத்தலையேம்மா."

அகராதி தலை குனிந்தாள். மன்னிச்சிடுங்க என்று சொல்ல வாயெடுத்தாள். அது அந்தக் கூடத்துக்குப் போதாது என்று தோன்றியது. ஆனாலும் சொன்னாள். அவர் ம் என்றார். அந்த ம்முக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவளே தீர்ப்பாயத்துக்குப் போய்ப் பிழையை ஒப்புக்கொண்டு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தாள். அதற்கு முன் ஆபீஸ்காரம்மா ஒரு மூச்சு கத்தித் தீர்த்தார்.

"பன்னெண்டு நாள் முன்னாடி சொல்லியிருந்தா நானே கூட வந்திருப்பேன். இப்ப போய் யாருக்கு என்ன லாபம்? உன் பேரும் போச்சு, என் பேரும் போச்சு."

"எனக்கு லாபம் எதுவும் வேணாங்க."

"அவருக்காவது இருக்கான்னு பாரு" என்றார் ஆபீஸ்காரம்மா. கோபத்தில் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னார்.

தீர்ப்பாயத்தின் பதிவாளர் பத்திரத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கெடு முடியறதுக்குள்ள வந்திருந்தா மறுவிசாரணைக்கு இது ஒண்ணே போதும்மா" என்றார். இப்போது கோப்போடு சேர்த்து வைக்கத்தான் முடியும். சங்கத்து வக்கீல் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு போட்டுப் பார்த்தார். நிர்வாகத்தின் வக்கீல் எதிர்த்தார். மனு தள்ளுபடி ஆனது. ஆறேழு மாதம் இழுத்தடித்த பிறகு நிர்வாகம் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்தது: அவருடைய பணிச் சான்றிதழில் இருந்த 'ஒழுங்கீனம்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

அகராதிக்கு எழுத்து மூலமாக ஓர் எச்சரிக்கை வந்தது. அவ்வளவுதான். உரிமத்தை ஒரு வருஷமாவது பிடுங்குவார்கள் என்று எதிர்பார்த்திருந்தாள். முப்பது நாள் வாயை மூடிக்கொண்டு எதற்குப் பயந்தாளோ அது ஒரு தாளுக்குள் அடங்கிவிட்டது. அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆறவே இல்லை.

அலுவலகத்தில் யாரும் அவளை அகராதி என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை, பழக்கம். அவள்தான் அதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி தாமதித்துத் திரும்பினாள். வாக்குமூலங்களை இப்போது மெதுவாகச் செய்தாள். எதிரில் இருப்பவரை ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு நாளைக்கு ஐந்து முடித்தவள் இரண்டு முடித்தாள். இது முன்பே வந்திருக்க வேண்டிய பழக்கம் என்று அவளுக்கே தெரியும். அதனால் அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

புதிய பணிச் சான்றிதழ் தீர்ப்பாயம் வழியாக அலுவலகத்துக்குத்தான் வந்தது. தமிழ் நகலோடு சேர்த்துத் தபாலில் அனுப்பியிருக்கலாம். அவள் கையில் எடுத்துக்கொண்டு கடைத்தொகுதிக்குப் போனாள்.

பிற்பகல் நேரம், நல்ல வெயில். தடுப்புக்கட்டைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவர் அதில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வணக்கம் சொன்னார். உறையை வாங்கினார், பிரித்துப் பார்க்கவில்லை.

"வீட்ல போய்ப் படிச்சுக்கறேன். பொண்ணு படிச்சுக் காட்டும்."

"வீட்ல எல்லாரும்..."

"இருக்காங்க. மச்சான் போன வாரம் வந்தாரு. சாப்பிட்டாரு, போனாரு. அதைப் பத்தி ஒண்ணும் பேசல. நானும் கேக்கல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "எங்க வீட்டம்மா பேசறாங்க. முன்னைவிட ஜாஸ்தியா பேசறாங்க. சில சமயம் நடுராத்திரி வரைக்கும் மன்னிப்புக் கேக்கறாங்க. தூங்குடின்னு சொல்ல வேண்டியிருக்கு. அதைப் பாத்தாத்தான் எனக்குக் கஷ்டமா இருக்கும்மா."

முட்டி எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டாள். நின்று பார்க்கிற வேலை, வலி கூடியிருக்கிறது என்றார். வேறு கிடங்குகளில் கேட்டுப் பார்த்தீர்களா என்றாள். இந்த வயசுக்கு மேல் யார் எடுப்பார்கள், அந்தச் சொல் இருந்தபோதே நாலு இடம் கதவைச் சாத்திவிட்டது என்றார். குறை சொல்கிற குரலில் இல்லை. யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

ஒரு கார் வந்து ஒலியெழுப்பியது. அவர் உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போய்க் கட்டையைத் தூக்கினார். அதன் பின்னால் இன்னொன்று வந்து நின்றது. அதன் பின்னால் இன்னும் இரண்டு. அகராதி ஓரமாக ஒதுங்கி நின்றாள். இன்னும் ஏதோ சொல்ல வேண்டியிருப்பது போலவும், அவர் ஏதோ சொல்வார் போலவும் இருந்தது. ஐந்தாறு வண்டிகள் போயின. அவர் திரும்பிப் பார்த்து, "வெயில்ல நிக்காதீங்கம்மா, போயிட்டு வாங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அடுத்த வண்டி வந்துவிட்டது. அவள் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.